சாமுராய் படங்கள்: எதில் தொடங்குவது, எதை அப்புறம் பார்ப்பது

"நல்ல சாமுராய் படமா ஒன்னு சொல்லுங்க" என்று யாராவது கேட்டால், சினிமா பார்க்கிறவர்கள் வாயில் முதலில் வருவது 'செவன் சாமுராய்'. மகத்தான படம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கேட்டவர் அதுவரை ஒரு ஜப்பானியப் படம்கூடப் பார்த்திருக்க மாட்டார். மூன்றரை மணி நேரம், கறுப்பு வெள்ளை, யார் பெரியவர் யார் சின்னவர் என்றே பிடிபடாத கூட்டம். முக்கால் மணி நேரத்தில் நிறுத்திவிட்டு, "மீதியை அப்புறம் பார்க்கிறேன்" என்பார். அந்த அப்புறம் வராது.

அப்படி ஒருவரைப் பாதியில் இழந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த வரிசை. ஒவ்வொரு படமும் அடுத்த படத்தைப் பார்ப்பதற்குக் கண்ணைத் தயார்செய்ய வேண்டும் என்ற கணக்கில் அடுக்கியிருக்கிறேன். சாமுராய் படங்களில் தொடங்கி ஹாங்காங், தாய்லாந்து, இந்தோனேசியா, கொரியா வரை போகலாம். முடிவு எதையும் உடைக்கவில்லை, தைரியமாகப் படிக்கலாம்.

படம் போடுவதற்கு முன்னால்

சாமுராய் என்றதும் வாள்தான் நினைவுக்கு வரும். படம் புரிய வேண்டுமென்றால் அரிசியை நினைவில் வையுங்கள். சாமுராய் என்பவன் ஒரு பிரபுவிடம் வேலை பார்ப்பவன். அவனுடைய சம்பளம் அரிசிக் கணக்கில் வரும். அதற்கு 'கோகு' என்று ஓர் அளவு உண்டு. ஒரு கோகு என்றால் ஓர் ஆள் ஓராண்டு முழுக்கச் சாப்பிடுவதற்கான அரிசி, ஏறக்குறைய 150 கிலோ. ஐம்பது கோகு வாங்குபவன் குடும்பத்தை இழுத்துப் பிடித்து ஓட்டுகிற கீழ்மட்டச் சாமுராய். ஆயிரக்கணக்கில் வாங்குபவன் பெரிய அதிகாரி. பிரபு செத்தாலோ, அவருடைய நிலத்தை அரசு பறித்தாலோ சம்பளம் நின்றுபோகும். அதற்குப் பிறகு அவன் எசமான் இல்லாத ரோனின். இடுப்பில் வாள் இருக்கும், வயிற்றில் ஒன்றும் இருக்காது.

அதனால் எந்தச் சாமுராய் படத்தைப் போட்டாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இவனுக்குச் சோறு போடுவது யார் என்பதுதான். செஞ்சோற்றுக் கடனுக்காகக் கர்ணன் எந்தப் பக்கம் நின்றான் என்று தெரிந்த நமக்கு இந்தச் சிக்கல் புதிதில்லை. சண்டைக் காட்சிகளுக்கு அடியில் ஓடுவது பெரும்பாலும் இதுதான்.

இந்தக் கேள்விக்கான பதில் காலத்துக்குக் காலம் மாறும். 15-ஆம் நூற்றாண்டின் பின்பாதியிலிருந்து 16-ஆம் நூற்றாண்டு முடியும்வரை ஜப்பானில் ஓயாத உள்நாட்டுப் போர். அப்போது வாள் பிடித்தவனுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை, ஆனால் எந்தப் பக்கம் தோற்கும் என்று தெரியாது. 1603-இல் டோகுகவா குடும்பம் ஷோகுன், அதாவது நாட்டை ஆளும் படைத்தலைவர் பதவிக்கு வந்தது. அங்கிருந்து 1868 வரை எடோ காலம். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பெரிய போர் இல்லாததால் சாமுராய்கள் கணக்கெழுதுபவர்களாகவும் கிடங்கு பார்ப்பவர்களாகவும் ஆனார்கள், அல்லது வேலையில்லாமல் தெருவுக்கு வந்தார்கள். அந்தக் காலத்தின் கடைசி ஆண்டுகளில் நவீனத் துப்பாக்கியும் மேற்கத்தியக் கப்பலும் வந்துவிட்டன. 1876-இல் பொது இடத்தில் வாள் அணிவதே தடை செய்யப்பட்டது. பார்க்கிற படம் இந்த மூன்றில் எந்தக் காலத்தில் நடக்கிறது என்று தெரிந்துகொண்டாலே பாதிக் கதை புரிந்த மாதிரி.

முதல் படம்: யோஜிம்போ (1961)

அகிரா குரோசாவா இயக்கியது. 110 நிமிடம்தான். நம் ஊரில் ஹீரோ அறிமுகக் காட்சிக்குப் பழகியவர்கள் இந்தப் படத்தின் தொடக்கத்தை ரசிக்காமல் இருக்க முடியாது. கேமரா நாயகன் டொஷிரோ மிஃபூனேயின் முதுகுக்குப் பின்னால் நிற்கிறது. முகம் தெரியவில்லை. அவர் தலையைச் சொறிகிறார். பாதை பிரியும் இடத்தில் ஒரு குச்சியை எடுத்து மேலே எறிந்து, அது விழுந்து காட்டும் திசையில் நடக்கிறார். ஊருக்குள் நுழைந்ததும் எதிரே ஒரு நாய் வருகிறது, அதன் வாயில் ஒரு மனிதக் கை. இந்த ஊரின் நிலைமை என்ன என்று ஒரு வார்த்தை வசனம் இல்லாமல் தெரிந்துவிடுகிறது.

இரண்டு ரவுடிக் கும்பல்கள் அடித்துக்கொள்ளும் ஊர் அது. மிஃபூனே ஒரு ரோனின். இரண்டு பக்கமும் விலை பேசுகிறார். ஒரு கும்பல் தலைவன் ஐம்பது ரியோவுக்கு (அந்தக் காலத் தங்கக் காசு) ஒத்துக்கொண்டு பாதியை முன்பணமாகக் கொடுக்கிறான். அவன் மனைவியோ, வேலை முடிந்ததும் ஆளைக் கொன்றுவிட்டால் பணம் மிச்சம் என்று கணக்குப் போடுகிறாள். அதை ஒட்டுக்கேட்ட மிஃபூனே என்ன செய்கிறார் என்று பாருங்கள். பிறகு இரண்டு கும்பலும் தெருவில் மோத வரும்போது அவர் உயரமான காவல் கோபுரத்தில் ஏறி உட்கார்ந்துகொள்கிறார். கீழே இரு பக்கமும் நாலு அடி முன்னால் வருவதும், பயந்து பின்னால் போவதுமாக இருக்கிறார்கள். சிரிப்பும் பதற்றமும் ஒரே ஷாட்டில்.

இதைப் பார்க்கும்போதே எங்கேயோ பார்த்த கதை என்று தோன்றும். செர்ஜியோ லியோனி 1964-இல் கிளின்ட் ஈஸ்ட்வுட்டை வைத்து எடுத்த 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' இதே கதைதான், அனுமதி வாங்காமல் எடுத்தது. 'யோஜிம்போ'வைத் தயாரித்த தோஹோ நிறுவனம் வழக்குப் போட்டு, உலக வசூலில் 15 சதவீதம் வாங்கியது. இதற்கப்புறம் எத்தனையோ மொழிகளில் இந்தக் கதை சுற்றிவிட்டது. மூலத்தைப் பார்த்துவிடுவது நல்லது.

கண்ணைப் பழக்க: சஞ்சூரோ (1962)

'யோஜிம்போ' பிடித்திருந்தால் அடுத்த நாளே இதைப் பார்த்துவிடுங்கள். அதே ஆள், வேறு கதை, 96 நிமிடம். அனுபவமில்லாத ஒன்பது இளம் சாமுராய்கள், அவர்களைக் காப்பாற்ற வரும் அழுக்கு ரோனின். படத்தில் ஒரு வயதான அம்மா வருகிறார். நீங்கள் உறையில்லாத வாள் மாதிரி இருக்கிறீர்கள், நல்ல வாள் உறைக்குள்தான் இருக்கும் என்று மிஃபூனேயிடம் மெல்லச் சொல்லிவிட்டுப் போகிறார். அந்த ஒரு பேச்சு படம் முடியும்வரை கூடவே வரும்.

கடைசிச் சண்டையைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன். இருவர் நெருக்கமாக எதிரெதிரே நிற்கிறார்கள். யாரும் அசையவில்லை. பின்னணி இசை கிடையாது. அந்த நேரத்தில் போனை எடுத்துவிடாதீர்கள்.

இங்கேயே ஒரு பயிற்சியும் செய்துகொள்ளலாம். சாமுராயின் இடது கையைக் கவனியுங்கள். வாளின் கைப்பிடிக்குக் கீழே இருக்கும் வட்டத் தகட்டை இடது கைக் கட்டைவிரல் லேசாக முன்னால் தள்ளும். உறையின் இறுக்கத்திலிருந்து வாள் விடுபடுவது அந்தத் தள்ளலில்தான். விரல் நகர்ந்துவிட்டால் பேச்சுவார்த்தை முடிந்தது என்று பொருள். அதே போல, ஒருவர் வீட்டுக்குப் போய் உட்காரும் சாமுராய் தன் நீண்ட வாளை வலது பக்கம் வைத்தால் நட்பாக வந்திருக்கிறான், ஏனென்றால் அங்கிருந்து சட்டென்று உருவ முடியாது. இடது பக்கம் வைத்தால் எதற்கும் தயார். வசனம் பணிவாக இருக்கும், வாள் வேறு எதையோ சொல்லிக்கொண்டிருக்கும். இதைப் பிடித்துவிட்டீர்கள் என்றால், நாலு பேர் பாயில் உட்கார்ந்து டீ குடிக்கிற காட்சிகூட சண்டைக் காட்சியாகத் தெரியும்.

இப்போது செவன் சாமுராய் (1954)

இந்த இடத்தில் போட்டால் படம் ஓடும், கவலை வேண்டாம். 207 நிமிடம். எங்கே பார்த்தாலும் ஓடும் நேரத்தைச் சரிபாருங்கள், ஏனென்றால் வெளிநாட்டுக்காக வெட்டிக் குறைத்த பதிப்பும் ஒரு காலத்தில் சுற்றியது. நடுவில் முறையான இடைவேளை உண்டு. இரண்டு நாளாகப் பிரித்துப் பார்ப்பதில் ஒரு குறையும் இல்லை. முதல் பாதி ஆள் சேர்ப்பதும் ஊரைத் தயார்செய்வதும், இரண்டாம் பாதி போர்.

கதை தெரிந்ததுதான். அறுவடை முடிந்ததும் கொள்ளைக்காரர்கள் வரப்போகிறார்கள். கிராமத்து விவசாயிகள் சாமுராய்களைக் கூலிக்கு அமர்த்த நகரத்துக்குப் போகிறார்கள். கொடுக்க அவர்களிடம் பணம் இல்லை, மூன்று வேளைச் சோறுதான். அதிலும் அரிசியைச் சாமுராய்களுக்கு வைத்துவிட்டு அவர்கள் சாமை, தினை மாதிரி சிறுதானியத்தைத் தின்கிறார்கள். மூத்த சாமுராய் கம்பேயாக நடிக்கும் தகாஷி ஷிமுரா முதலில் மறுக்கிறார். அப்போது பக்கத்திலிருக்கும் கூலித் தொழிலாளி ஒருவன், இவர்கள் என்ன தின்கிறார்கள் தெரியுமா, உங்களுக்குப் போடுவது என்ன தெரியுமா என்று அரிசிச் சோற்றுக் கிண்ணத்தை அவர் முன்னால் நீட்டுகிறான். ஷிமுரா கிண்ணத்தைக் கையில் வாங்குகிறார். விவசாயிகளைப் பார்க்கிறார். இந்தச் சோற்றை வீணாக்க மாட்டேன் என்கிறார். படத்தின் மொத்த ஒப்பந்தமும் அந்தக் கிண்ணத்தில் முடிந்துவிடுகிறது. என்னைக் கேட்டால், மழையில் நடக்கும் கடைசிப் போரைவிடப் பெரிய காட்சி இதுதான்.

அடுத்து ஆள் தேடும் படலம். கம்பே ஒரு சின்ன சோதனை வைக்கிறார். கதவுக்குப் பின்னால் இளைஞன் ஒருவனைத் தடியோடு நிறுத்தி, உள்ளே வருபவன் தலையில் அடிக்கச் சொல்கிறார். ஒருவன் அடியைத் தடுத்துவிடுகிறான், திறமைசாலி. இன்னொருவர் வாசலிலேயே நின்று, விளையாடாதீர்கள் என்பது போலச் சிரிக்கிறார். இரண்டு பேருக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு நிமிடத்தில் காட்டிவிடுகிறார் குரோசாவா.

இரண்டாம் பாதியில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். கொள்ளைக்காரர்கள் எத்தனை பேர் என்று கம்பே வட்டம் வட்டமாக வரைந்து வைத்திருப்பார். விழ விழ ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வருவார். அந்தத் தாளைப் பின்தொடர்ந்தால் போர் எங்கே நிற்கிறது என்று குழப்பமே வராது. இன்னொன்று, கொள்ளைக்காரர்களிடம் மூன்று துப்பாக்கிகள் இருக்கின்றன. அவை எங்கே இருக்கின்றன என்பதில் ஒரு கண் இருக்கட்டும். பல கேமராக்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டு, தூரத்திலிருந்து டெலிஃபோட்டோ லென்ஸில் பிடித்தவை இந்தப் போர்க் காட்சிகள். குதிரையும் சேறும் ஆளும் நம் மேல் வந்து விழுவது போல இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரு சின்ன விலகல். இதே குரோசாவாவின் 'ராஷோமோன்' (1950) படத்தைச் சாமுராய் ஆக்‌ஷன் என்று நினைத்து யாருக்கும் சொல்லிவிடாதீர்கள். அதில் வாள் சண்டை உண்டு, ஆனால் படத்தின் வேலையே வேறு. ஒரே சம்பவத்தை ஆளாளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள். எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' (1954), கமல்ஹாசனின் 'விருமாண்டி' (2004) பிடித்தவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்லுங்கள். அந்தச் சொல்முறையைப் புகழ்பெறச் செய்தது இந்தப் படம்தான் என்று தெரிந்ததும் ஆசையாகப் பார்ப்பார்கள்.

கனமான படம்: ஹராகிரி (1962)

மசாகி கொபயாஷி இயக்கியது, 133 நிமிடம். திரைக்கதை ஷினோபு ஹஷிமோட்டோ. 'ராஷோமோன்', 'செவன் சாமுராய்' இரண்டின் திரைக்கதையிலும் அவர் பங்கு உண்டு. 1963-இல் கான் விழாவில் சிறப்பு ஜூரி விருது வாங்கிய படம். இதை நாலாவதாக வைத்திருப்பதற்குக் காரணம், முதல் மூன்று படங்களில் சாமுராய் மேல் உங்களுக்கு வந்திருக்கும் மரியாதையை இது நேருக்கு நேர் விசாரிக்கிறது.

ஆண்டு 1630. அமைதி வந்துவிட்டது. ஷோகுன் அரசு பல பிரபுக்களின் நிலத்தைப் பறித்துவிட்டதால் ஆயிரக்கணக்கான சாமுராய்கள் வேலையில்லாமல் அலைகிறார்கள். ஒரு ரோனின் பெரிய பிரபு ஒருவரின் மாளிகை வாசலில் வந்து நிற்கிறார். வறுமையில் வாழ்வதைவிட உங்கள் முற்றத்தில் கௌரவமாக வயிற்றைக் கிழித்துச் சாக அனுமதி கொடுங்கள் என்கிறார். இப்படிக் கேட்டு வருபவர்களுக்குக் கொஞ்சம் காசு கொடுத்து அனுப்புவது சில இடங்களில் நடந்துகொண்டிருக்கிறது. இந்த மாளிகைக்காரர்கள் அப்படிச் செய்வதாக இல்லை. வந்தவர் முற்றத்தில் வெள்ளைத் துணி மேல் உட்கார்ந்து, சாவதற்கு முன்னால் ஒரு கதை சொல்லத் தொடங்குகிறார். படத்தின் பெரும்பகுதி அவர் உட்கார்ந்து பேசுவதுதான். அந்தப் பேச்சு வளர வளர, சுற்றி நிற்கும் வாள்காரர்களின் முகம் மாறிக்கொண்டே போகிறது. படம் தொடங்கும்போது காட்டப்படும் காலியான போர்க்கவசம் ஒன்றை மறந்துவிடாதீர்கள்.

அந்த ரோனின் டட்சுயா நகடாய். 'யோஜிம்போ'வில் கைத்துப்பாக்கியோடு சிரித்துக்கொண்டே வந்த அதே இளைஞர்தான். இந்தப் படத்தில் நடித்தபோதும் முப்பதைத் தாண்டவில்லை. ஆனால் அந்தக் குரலைக் கேட்டால் ஐம்பது வயது என்று சத்தியம் செய்வீர்கள். படத்தின் முன்பாதியில் வரும் ஒரு காட்சி மிகவும் கடினமானது. மனசு சரியில்லாத நாளில் போடாதீர்கள். பரிந்துரைக்கும்போதும் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வீட்டுக்குள் இருக்கும் சாமுராய்: தி ட்விலைட் சாமுராய் (2002)

"கறுப்பு வெள்ளை வேண்டாம், ரத்தமும் வேண்டாம், ஆனால் சாமுராய் படம் வேண்டும்" என்பவர்களுக்கு நான் யோசிக்காமல் சொல்லும் படம் இது. யோஜி யமடா இயக்கியது. நாயகன் செய்பேயாக ஹிரோயுகி சனடா. 2024-இல் 'ஷோகுன்' தொடருக்காக எம்மி விருது வாங்கினாரே, அவர்தான்.

காலம் எடோ ஆட்சியின் கடைசி ஆண்டுகள். செய்பே கோட்டைக் கிடங்கில் கணக்குப் பார்க்கும் குமாஸ்தா. சம்பளம் ஐம்பது கோகு. மனைவி காசநோயில் இறந்துவிட்டாள். மருத்துவமும் இறுதிச் சடங்கும் வைத்துவிட்டுப் போன கடன் இருக்கிறது. இரண்டு பெண் குழந்தைகள், நினைவு தப்பிப்போன வயதான தாய். வேலை முடிந்ததும் நண்பர்கள் குடிக்கக் கூப்பிட்டால் போவதில்லை, பொழுது சாயும்போதே வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறான். அதற்காகவே அந்தி என்று பட்டப்பெயர் வைத்துக் கிண்டல் செய்கிறார்கள். ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் மூங்கிலைச் சீவிப் பூச்சிக் கூண்டு முடைகிறான், கூடுதல் வருமானத்துக்காக. குளிக்க நேரமில்லாமல் உடம்பு நாறுகிறது. கிழிந்த உடுப்பைத் தைத்துப்போட ஆளில்லை.

அந்தக் கூண்டு முடையும் காட்சிகளை அவசரப்படாமல் பாருங்கள். மகள் அருகில் உட்கார்ந்து பாடம் படிக்கிறாள். படித்தால் என்ன பயன் என்று கேட்கிறாள். கை வேலையை விடாமலே அவன் பதில் சொல்கிறான். இவனுக்கு வாள் வித்தை தெரியும் என்பதே நமக்கு மிகத் தாமதமாகத்தான் தெரியவருகிறது. தெரிந்த பிறகு, மேலதிகாரிகளுக்கும் தெரிந்துவிடுமே என்ற பயம் நமக்கு வந்துவிடும், ஏனென்றால் சோறு போடுபவன் ஒரு நாள் உயிரைக் கேட்பான். அப்படிக் கேட்கும்போது என்ன ஆகிறது என்பதுதான் கடைசி நாற்பது நிமிடம். அந்தச் சண்டை மைதானத்திலோ மழையிலோ நடக்கவில்லை. இருட்டான வீட்டுக்குள், தாழ்ந்த கூரைக்குக் கீழே, இரண்டு களைத்துப்போன மனிதர்களுக்கு நடுவில் நடக்கிறது. அதற்கு முன்னால் இருவரும் நெடுநேரம் உட்கார்ந்து பேசுகிறார்கள், கடனைப் பற்றி, பிள்ளைகளைப் பற்றி.

இது பிடித்தால் யமடாவே எடுத்த 'தி ஹிட்டன் பிளேட்' (2004), 'லவ் அண்ட் ஹானர்' (2006) இரண்டும் இதே மனநிலையில் இருக்கும்.

இதற்குப் பிறகு பிரியும் பாதைகள்

இந்த ஐந்தையும் முடித்தவருக்கு யாரும் வழிகாட்ட வேண்டியதில்லை, ருசிக்குத் தக்கபடி போகலாம்.

முழுநீளப் போர் வேண்டுமா? தகாஷி மீகேயின் '13 அசாசின்ஸ்' (2010). ஷோகுனின் தம்பி ஒரு கொடூரன், அவனை முடிக்க பதின்மூன்று பேர். முதல் ஒரு மணி நேரம் அமைதியாகத் திட்டம் போடுவார்கள். பிறகு முக்கால் மணி நேரம் ஒரு கிராமமே பொறியாக மாறும். ரத்தம் அதிகம், தொடக்கத்தில் வரும் சில காட்சிகள் குழந்தைகளுக்குக் கூடவே கூடாது.

தொடராகப் பார்க்கப் பிடித்தவர்களுக்கு ஸடோய்ச்சி. கண் தெரியாத மசாஜ்காரர், சூதாடி, ஊன்றுகோலுக்குள் வாள். ஷின்டாரோ கட்சு 1962-இல் தொடங்கி 26 படங்களில் இந்த வேடத்தில் நடித்தார். முதல் படத்தில் பகடைக் காட்சி ஒன்று வரும், அதற்காகவே பார்க்கலாம். தகேஷி கிடானோ 2003-இல் எடுத்த 'ஸடோய்ச்சி' தனிக் கொண்டாட்டம். கட்சுவின் அண்ணன் டொமிசபுரோ வகயாமா நடித்த 'லோன் உல்ஃப் அண்ட் கப்' வரிசை (1972–74, ஆறு படங்கள்) மர வண்டியில் குழந்தையைத் தள்ளிக்கொண்டு போகும் கொலையாளியின் கதை. ரத்தம் பீய்ச்சி அடிக்கும் பாணி அதில் உச்சம். 'லேடி ஸ்னோபிளட்' (1973) பெண் பழிவாங்கும் கதை. 'கில் பில்' பார்த்தவர்களுக்கு உடனே அடையாளம் தெரியும்.

நாடகம் பிடித்தவர்களுக்கு ஷேக்ஸ்பியரைக் குரோசாவா ஜப்பானுக்குக் கொண்டுவந்த இரண்டு படங்கள். 'த்ரோன் ஆஃப் ப்ளட்' (1957) மக்பெத். அதன் கடைசியில் மிஃபூனேயைச் சுற்றிப் பாய்ந்து குத்தும் அம்புகளில் பல நிஜமானவை, தேர்ந்த வில்லாளிகள் எய்தவை. அவர் முகத்தில் தெரியும் பயம் முழுக்க நடிப்பு என்று சொல்ல முடியாது. 'ரான்' (1985) லியர் மன்னன். கிழட்டுப் பிரபுவாக மறுபடியும் நகடாய். கோட்டைத் தாக்குதலில் எல்லாச் சத்தத்தையும் நிறுத்திவிட்டு டோரு டகெமிட்சுவின் இசையை மட்டும் ஓடவிட்டிருப்பார்கள். இதைப் போனில் பார்க்காதீர்கள், கிடைக்கிற மிகப் பெரிய திரையில் பாருங்கள்.

கடல் தாண்டி: ஹாங்காங்

இங்கே வந்ததும் கண்ணை மாற்றிக்கொள்ள வேண்டும். சாமுராய் படத்தில் காத்திருப்பு நீளம், வெட்டு ஒரு நொடி. ஹாங்காங் படத்தில் சண்டை பத்து நிமிடம் ஓடும், கதை அதற்குள்தான் நடக்கும். அதன் வேர் பீக்கிங் ஆபரா என்ற சீன இசை நாடகத்தில் இருக்கிறது. ஜாக்கி சான், சம்மோ ஹங், யுயென் பியாவ் மூவரும் சின்ன வயதில் ஹாங்காங்கில் ஒரே ஆபரா பள்ளியில் குட்டிக்கரணமும் வாள்வீச்சும் பாட்டும் கற்று வளர்ந்தவர்கள்.

ஜாக்கி சானைத் தமிழ் டப்பிங்கில் டிவியில் பார்த்து வளர்ந்தவர்கள் நம்மில் நிறைய. அவர்களுக்குத் தொடக்கம் 'போலீஸ் ஸ்டோரி' (1985). கடைசியில் வணிக வளாகத்தில், பல மாடி உயரத்திலிருந்து விளக்குகள் சுற்றிய கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஜாக்கி கீழே சறுக்குவார். விளக்குகள் வெடித்துச் சிதறும், கைத்தோல் வெந்துபோனது நிஜம். அந்தச் சறுக்கலை அடுத்தடுத்து மூன்று கோணங்களில் மூன்று தடவை காட்டுவார்கள். கதைப்படி ஒரு தடவைதான் நடக்கிறது. ஆனால் செய்தது உண்மையான ஆள், உண்மையான உயரம் என்று பார்வையாளருக்குக் காட்டியே ஆக வேண்டும் என்ற பெருமை அந்த எடிட்டிங்கில் இருக்கிறது.

வாள் படம் வேண்டுமென்றால் கிங் ஹூவின் 'கம் டிரிங்க் வித் மீ' (1966). ஆண் வேடத்தில் செங் பெய்பெய் ஒரு விடுதியில் உட்கார்ந்திருக்கிறார். சுற்றிலும் ரவுடிகள், ஒவ்வொன்றாக எறிந்து அவரைச் சீண்டுகிறார்கள். அவர் அவசரமே படவில்லை. அதே செங் பெய்பெய்யை 34 ஆண்டுகள் கழித்து ஆங் லீயின் 'க்ரவுச்சிங் டைகர், ஹிட்டன் டிராகன்' (2000) படத்தில் வில்லியாகப் பார்க்கலாம். நாலு ஆஸ்கர் வாங்கிய அந்தப் படத்தில் ஆட்கள் மூங்கில் நுனியில் மிதப்பதைப் பார்த்து, "இதென்ன நம்புற மாதிரியா இருக்கு" என்று சிலர் கேட்பார்கள். அவர்களுக்குக் கிங் ஹூவை முதலில் காட்டிவிட்டால் அந்தக் கேள்வி வராது.

துப்பாக்கிப் பக்கம் ஜான் வூ. 'ஹார்ட் பாயில்டு' (1992) போதும். மருத்துவமனைக்குள் வெட்டே இல்லாமல் இரண்டரை நிமிடத்துக்கு மேல் ஓடும் ஷாட் ஒன்று உண்டு. நடுவில் லிஃப்டில் ஏறி இன்னொரு மாடிக்குப் போகிறார்கள், கேமரா கூடவே போகிறது.

தாய்லாந்து, இந்தோனேசியா, கொரியா

'ஓங் பாக்' (2003): கிராமத்துப் புத்தர் சிலையின் தலை திருடு போகிறது, மீட்கப் போகிறான் டோனி ஜா. கதை அவ்வளவுதான். கயிறு கட்டாமல், கணினி வேலை இல்லாமல் அந்த ஆள் சந்துகளில் ஓடித் தாண்டுவதைப் பார்த்தால் போதும்.

'தி ரெய்டு' (2011): வேல்ஸ்காரரான கேரத் எவன்ஸ் ஜகார்த்தாவில் எடுத்தது. 101 நிமிடம். ஓர் அடுக்குமாடிக் கட்டடம், உள்ளே மாட்டிக்கொண்ட போலீஸ் படை, சிலாட் என்ற அந்த ஊர்த் தற்காப்புக் கலையில் சண்டை. நாயகன் இகோ உவைஸை எவன்ஸ் சந்தித்தது சிலாட் பற்றி ஆவணப்படம் எடுக்கப் போனபோதுதான். மூச்சு விட இடமில்லாத படம், வன்முறை மிக அதிகம்.

கொரியாவில் 'ஓல்ட்பாய்' (2003) பெயரை எல்லோரும் சொல்வார்கள். நடைபாதையில் சுத்தியலோடு ஒருவன் ஒரு கூட்டத்தை எதிர்கொள்ளும் ஒற்றை ஷாட் உலகப் புகழ். ஆனால் கதையின் மையம் பலரை நிலைகுலைய வைக்கும். குடும்பத்தோடு பார்க்கும் படமே இல்லை. சண்டைக்காக மட்டும் கேட்பவருக்கு 'தி மேன் ஃப்ரம் நோவேர்' (2010) சொல்லுங்கள்.

அடுத்தவருக்குச் சொல்லும்போது

ஒரே ஒரு படம் சொல்லுங்கள். பத்துப் படப் பட்டியல் அனுப்பினால் ஒன்றுகூடப் பார்க்க மாட்டார்கள். அந்த ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்கு, அவருக்குப் பிடித்த தமிழ்ப் படம் எது என்று கேட்டாலே போதும். மாஸ் படம் பிடித்தவருக்கு 'யோஜிம்போ'. குடும்பக் கதையில் கண் கலங்குகிறவருக்கு 'ட்விலைட் சாமுராய்'. நீதிமன்றக் காட்சியில் வசனத்தை ரசிப்பவருக்கு 'ஹராகிரி'.

எவ்வளவு நேரம் ஓடும், எவ்வளவு ரத்தம், எங்கே மெதுவாகப் போகும் என்ற மூன்றையும் சொல்லிவிடுங்கள். "முதல் அரை மணி நேரம் பொறுத்துக்கோங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் நிறுத்தாமல் பார்ப்பார்கள். டப்பிங்கா சப்டைட்டிலா என்ற கேள்வி வரும். ஜாக்கி படத்துக்கு டப்பிங் தாங்கும், பல ஹாங்காங் படங்களுக்கு அந்தக் காலத்தில் வசனமே பிறகுதான் சேர்த்தார்கள். சாமுராய் படத்துக்குச் சப்டைட்டில்தான் சரி. மிஃபூனேயின் உறுமலையும் நகடாயின் அடிக்குரலையும் எடுத்துவிட்டால் பாதி நடிப்பு போய்விடும்.

வீட்டில் பத்து வயதுப் பிள்ளைகள் இருந்தால் இந்தப் பட்டியலில் முக்கால்வாசி ஆகாது. அவர்களுக்கு ஜாக்கியின் 'ப்ராஜெக்ட் ஏ' (1983) போடுங்கள். கடிகாரக் கோபுரத்திலிருந்து துணிப் பந்தல்களைக் கிழித்துக்கொண்டு அவர் விழுவதைப் பார்த்துக் கைதட்டுவார்கள். முடிவில் எழுத்து ஓடும்போது டிவியை அணைத்துவிடாதீர்கள். தவறிப்போன ஷாட்களைக் காட்டுவார்கள். அதை அவர்கள் கட்டாயம் பார்க்கட்டும், மொட்டை மாடியில் முயற்சி செய்யாமல் இருப்பதற்கு அது உதவும்.